நீ அனுப்பிய பார்சலைத் திருப்பி அனுப்பியது பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவும் நானும் சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்குவார்கள். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவின் முழங்கால் முன்னைப் போலத்தான் நோகிறது, எனக்கு முன்னைப் போலத்தான் நெஞ்சு எரிகிறது. ஆனால் எந்த நேரமும் வாசல் படலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற இரண்டு பேரைச் சுகமாக இருக்கிறார்கள் என்று எழுதலாமோ தெரியவில்லை. போன கிழமை நீ போனில், "அப்ப நான் உங்கடை பிள்ளை இல்லையோ அம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்தாய். பிறகு நான் எத்தனை தரம் எடுத்தும் நீ எடுக்கவில்லை. ரோசம் உனக்கு மட்டும்தான் இருக்கிறதென்று நினைக்காதே, அது நான் தந்த ரோசம். இது போனில் சொல்லக்கூடிய கதையுமில்லை. நாங்கள் கதைப்பது வேறு யார் காதில் விழுகிறதென்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் இருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாண பஸ்ஸில் போகிற நம்பிக்கையான ஆளிடம் கொடுத்துவிடுவேன். படித்ததும் கிழித்துப் போடு என்றுதான் சொல்ல நினைத்தேன். நீ எங்கே கிழிக்கப் போகிறாய், நாலு வரி எழுதிய தாளைக் கண்டால் அதைக் கொண்டுபோய்ப் பத்திரிகையில் போடுகிறவன் நீ. அதனால் உன் பெயரையும் என் பெயரையும் இதில் எழுதவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். அன்று நான் முற்றத்தில் படங்கை விரித்து நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மோட்டார் சைக்கிள் வந்து படலையில் நின்றது. வந்தவன் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண் மட்டும்தான் தெரிந்தது. நீ பாடுவதற்கென்று வைத்திருக்கிற அந்தப் பெயரைச் சொல்லி, "அந்த அண்ணையின்ரை வீடு இதுதானே?" என்று கேட்டான். நான் கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே போடாமலே, "அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை" என்றேன். அவன் கையிலிருந்த பார்சலைத் திருப்பிப் பார்த்தான். "தாயின்ரை பேர் போட்டிருக்கு. நீங்கள்தானே அம்மா?" என்றான். "நான் இல்லை, எனக்குப் பொடியனே இல்லை" என்று சொல்லிவிட்டேன். அவன் பாவம், வெயிலுக்குள் அவ்வளவு தூரம் வந்த பிள்ளை, ஒரு தண்ணீர்கூடக் கேட்காமல் திரும்பிப் போய்விட்டான். அதற்குள் இருந்தது நீ எழுதிய முதல் புத்தகம் என்றும், அதன் முதல் பக்கத்தில் 'அம்மாவுக்கு' என்று போட்டிருந்தாய் என்றும் நீ போனில் கத்தியபோதுதான் எனக்குத் தெரியும். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்தப் பொடியன் வருவதற்கு ஒரு கிழமை முன்னால் வேறு இரண்டு பேர் வந்தார்கள். மடிப்புக் கலையாத சட்டை, மெல்லிய சிரிப்பு. எங்கிருந்து வருகிறார்கள் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாத ஆட்களைப் பார்த்தால் நமக்குத் தெரியும்தானே. கதிரை கொடுத்தேன், இருந்தார்கள். தேத்தண்ணீர் கொடுத்தேன், குடித்தார்கள். தம்பி என்ன சாப்பாடு விரும்பிச் சாப்பிடுவார் என்று கேட்டார்கள். யாரோடு கூட்டு, எங்கே தங்குகிறார், புத்தகம் அச்சடிக்க யார் காசு கொடுத்தது, வெளிநாட்டிலிருந்து யாரும் எடுக்கிறார்களா என்று ஒவ்வொன்றாக, சொந்தக்காரர் சுகம் விசாரிப்பது போல விசாரித்தார்கள். நான் அவன் எங்களோடு கதைப்பதேயில்லை என்றேன். போகும்போது ஒருவன் உன் பள்ளிக்கூடப் படத்தைச் சுவரில் பார்த்து, "வடிவான பிள்ளை" என்றான். அவர்கள் போன கையோடு அந்தப் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். இப்போது சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது.

படலையில் வந்து பிள்ளையைக் கேட்கிறவனிடம் பிள்ளை இல்லை என்று சொல்வது எனக்குப் பழக்கம், தம்பி. யோசித்துச் சொல்வதில்லை, வாய் தானாகச் சொல்லும். சண்டை நடந்த கடைசிக் காலத்தில் உன் அக்காவை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் இருத்திவிட்டு, பிள்ளை பிடிக்க வந்தவர்களிடம் எனக்குப் பெண்பிள்ளையே இல்லை என்று சத்தியம் பண்ணியவள் நான். கற்பூரம் கொளுத்தித் தந்திருந்தாலும் அடித்துச் சத்தியம் பண்ணியிருப்பேன். அந்தப் பொய் சொன்னபடியால்தான் அவள் இன்றைக்கு வவுனியாவில் பிள்ளைகுட்டியோடு இருக்கிறாள். இந்தப் பக்கத்தில் என் வயதுத் தாய்மார் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் இருக்கிறது. ஆபத்தும் மோட்டார் சைக்கிளில்தான் வரும், புத்தகமும் மோட்டார் சைக்கிளில்தான் வரும் என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தது?

நீ பிறந்ததிலிருந்தே சத்தம் போடுகிற பிள்ளை. சோற்றுக்கோப்பை கிடைத்தால் தட்டுவாய், கதவு கிடைத்தால் தட்டுவாய், ஒன்றும் கிடைக்காவிட்டால் உன் தொடையில் தட்டி ஏதாவது சொல்லிக்கொண்டேயிருப்பாய். முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் இருந்தபோதும் நீ நிறுத்தவில்லை. மேலே ஷெல் கூவும், நீ கீழே அந்தக் கூவலுக்கு ஏற்ற மாதிரி வாயால் தாளம் போடுவாய். பயத்தில்தான் போட்டாய் என்று இப்போது விளங்குகிறது. அன்று பக்கத்தில் இருந்த சனம் முறைத்தது. நான் உன் வாயைக் கையால் பொத்தி வைத்துக்கொண்டிருந்தேன். நீ கடித்தாய், நான் கையை எடுக்கவில்லை. அதை நீ ஒரு கட்டுரையில் எழுதியிருந்தாய். 'வன்னியில் ஏழைப் பிள்ளையின் வாயை முதலில் பொத்துவது அவனுடைய தாயின் கைதான்' என்று. பெரிய ஆட்கள் அதை மெச்சினார்களாம். நான் மெச்சவில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்கப் போவதுமில்லை. நாளைக்கு மறுபடி அப்படி ஒரு குழிக்குள் இருக்க வேண்டி வந்தாலும் உன் வாயைப் பொத்துவேன்.

முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்தபோது நமக்கு ஒரு தறப்பாள் கூடாரமும் ஒரு மண்வெட்டியும்தான். அப்பாவைக் கூப்பிட்டு நெல் வெட்டுமெஷினில் ஏற்றி வேலை கொடுத்தது ஊர் நெல்லு மில்காரர். முதல் மழைக்கு நம் தறப்பாளுக்குள் வெள்ளம் வந்தபோது நெல்லுக் களஞ்சியத்தின் ஒரு மூலையைத் திறந்துவிட்டதும் அவர்தான். நீ பள்ளிக்கூடத்தை விட்டபோது மில்லில் மூட்டை தூக்குகிற வேலையைத் தந்ததும் அவர்தான். உன் பாட்டு பிறந்ததும் அங்கேதான். மூட்டை ஏற்றுகிற பெட்டியின் தகரத்தில் தட்டித் தட்டி நீ வேகமாக என்னவோ சொல்லுவாய், மற்றப் பொடியன்கள் சேர்ந்து கத்துவார்கள். 'மில்லு நிக்கிறது நிலத்திலை இல்லை, எங்கடை முதுகிலை' என்று ஒரு வரி. யாரோ அதைப் போனில் பிடித்து விட்டுவிட, கிளிநொச்சி முழுக்கச் சின்னப்பிள்ளைகள் அதைச் சொல்லித் திரிந்தார்கள். நான் கண்டறியாத பாட்டு என்று ஏசினேன். இராகமில்லை, இடையில் மூச்சு விடுவதில்லை, கடன்காரனோடு சண்டை பிடிப்பது போல ஒரு பாட்டு. ஆனால் ஆரும் இல்லாத நேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனை வாங்கிக் கேட்டேன். அதை உனக்கு இதுவரை சொல்லவில்லை.

அந்தப் பாட்டுக்கு நான் பயந்தேன், ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காதது மட்டுமில்லை, மில்காரர் தன் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு உன்னையே கூப்பிட்டுப் பாட வைத்தார். ஞாபகமிருக்கா? அந்த முதுகு வரியை நீ பாடும்போது அவரே மேடைக்கு ஏறி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உன்னோடு சேர்ந்து ஆடினார். சனம் விசிலடித்தது. நானும் பின்னால் குசினிப் பக்கம் நின்று, அப்பாடா, இது விளையாட்டுத்தான், இதனால் ஒரு கெடுதியும் வராது என்று சிரித்தேன். நீ மட்டும் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. ஏனடா என்று கேட்டதற்கு, "அவற்றை முகத்துக்கு நேரை சொன்னன் அம்மா. அவர் அதுக்கு ஆடுறார்" என்றாய். அதற்குப் பிறகுதான் நீ பாட்டைக் குறைத்தாய். பாட்டில் சனம் ஆடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறது, காணிக்கதையும் தண்ணீர்க்கதையும் அதற்குள் அடங்காது என்று சொல்லி, லைப்ரரியே கதியென்று கிடந்து, எழுதத் தொடங்கினாய். யாழ்ப்பாணத்தில் அறை எடுத்துப் போய் இருந்ததும் அதற்காகத்தான்.

என் பயம் உண்மையில் அன்றைக்குத்தான் தொடங்கியது. நானும் எழுதினவள்தான், தம்பி. செட்டிகுளம் முகாமில் கூடாரம் கூடாரமாகச் சனத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவள். காணாமல் போன பிள்ளையைத் தேடித் தரச் சொல்லி, தாயைப் பிள்ளையோடு சேர்க்கச் சொல்லி எத்தனை எழுதியிருப்பேன். அதனால் எழுத்து எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். பாட்டு காற்றோடு போய்விடும். எழுத்தை ஒருவன் எடுத்து, ஓட்டை போட்டு, அலுவலகக் கோவையில் கோர்த்து வைப்பான். நீ மறந்துபோனாலும் அவன் மறக்கமாட்டான். நீ பாடியதையேதான் எழுதினாய், அதே மில், அதே முதுகு. ஆனால் நம் வாய்க்காலில் கோடை விதைப்பான சிறுபோகத்தின் பங்கு யாருக்குப் போகிறது என்று நீ எழுதியதும் ஆடிய மனிதர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். பெயர் போடவில்லையே என்று நீ சொல்கிறாய். விசரன். மில் என்று எழுதி, வாய்க்காலையும் எழுதிவிட்டுப் பெயர் போடாவிட்டால் ஊரில் எவனுக்குத் தெரியாது? அவர் ஏசவில்லை, சண்டைக்கு வரவில்லை. அப்பா வழமைபோல மெஷினைக் கழுவப் போனபோது, "இந்தப் போகத்துக்கு வேறை ஆளைப் பாத்திருக்கு அண்ணை, நீங்கள் முழங்காலை ஆத்துங்கோ" என்றாராம், சிரித்துக்கொண்டு. அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஏறி ஓடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

இதையெல்லாம் நீ வர்க்கம் என்று ஒரு சொல்லில் எழுதிவிடுகிறாய். எழுது, அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் நான் அந்த மனிதரின் களஞ்சியத்தில் என் பிள்ளைகளைப் படுக்க வைத்தவள். அவருடைய மனைவி தந்த சீலையைத்தான் உன் அக்காவின் கலியாணத்துக்குக் கட்டினேன். அவரைக் கண்டால் இப்போதும் எழுந்து நிற்கிறேன், அது நன்றியிலா பயத்திலா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. மடிப்புக் கலையாத சட்டையோடு வந்த அந்த இரண்டு பேருக்கும் பயப்படுவதைவிட இவருக்குப் பயப்படுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவர்கள் வந்து போகிறவர்கள். இவருடைய வாய்க்கால் கரையால்தான் நான் தினமும் கடைக்குப் போக வேண்டும்.

அதனால் சில விஷயம் சொல்கிறேன், எரிச்சல்படாமல் கேள். இரவில் தனியாக மோட்டார் சைக்கிளில் போகாதே. ஓமந்தை தாண்டி எங்கே போவதானாலும் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ, முன்பு அந்தச் சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டு மறுபடி ஏறாத எத்தனை பேரை எனக்குத் தெரியும். முன்பின் தெரியாதவன் மெச்சுகிறான் என்று அவனோடு போய்த் தேத்தண்ணீர் குடிக்காதே. அறைக்கதவை உள்ளால் பூட்டு. கூட்டம் முடிந்ததும் கடைசி ஆளாக வெளியே வராதே, சனத்தோடு சனமாக வா. எழுதுவதை விடு என்று இதுவரை ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன். இந்தக் கடிதத்தைத் தொடங்கும்போதும் அதைச் சொல்லத்தான் இருந்தேன். இப்போது அதைச் சொல்ல எனக்கு வாயில்லை. ஏனென்றால் போன வியாழக்கிழமை நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

சிறுபோகக் கூட்டம் நடந்தது. உனக்குத் தெரிந்ததுதான், என்றாலும் எழுதுகிறேன், நீ எப்படியும் இதைப் போடப் போகிறாய், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். கோடையில் குளத்துத் தண்ணீர் எல்லாக் காணிக்கும் காணாது. அதனால் வாய்க்காலின் மேல்பக்கக் காணிகளை மட்டும் விதைப்பது என்றும், கீழ்ப்பக்கக் காணிக்காரருக்கு மேலே ஆளுக்கொரு பங்கு பிரித்துக் கொடுப்பது என்றும் ஒரு முறை. அரசாங்கப் பதிவில் காணி நம்பர் உள்ளவனுக்குத்தான் பங்கு. நம்பர்க்காரரில் பாதிப் பேர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள், அவர்களுடைய பங்கை மில்காரர் போனிலேயே கேட்டு எடுத்துவிடுவார். வாய்க்காலின் கடைசியில் இருக்கிற எங்களுக்கும், மலையகத்திலிருந்து வந்து எங்களுக்குப் பக்கத்தில் குடியிருக்கிற ராசம்மாக்கா போன்றவர்களுக்கும் நம்பர் இல்லை. இத்தனை வருசம் விதைத்தும் அறுத்தும் நம்பர் இல்லை. கூட்டத்தில் எழும்பிக் கதைக்கிறவன் முதலில் வாய்க்கால் பெயரையும் காணி நம்பரையும் சொல்ல வேண்டும், பிறகுதான் பேச்சு. மைக் வயரும் முன்வரிசைகளுக்குத்தான் எட்டும். அதனால் நான் ஒவ்வொரு வருசமும் கூட்டத்துக்குப் போவேன், ஆனால் மாதர் சங்கத்தோடு பின்னால் நின்று தேத்தண்ணீர் ஊற்றத்தான் போவேன்.

இந்த முறை வெளிநாட்டுக்காரரின் பங்கு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, மெஷின் வைத்திருக்கிறவர்களே செய்வது என்று ஒரு யோசனை வாசித்தார்கள். போன வருசம் எங்களுக்குக் குத்தகைக்குக் கிடைத்த துண்டும் அதற்குள் போய்விடும். அப்பாவுக்கு மெஷினும் இல்லை, இனி அந்த வயலும் இல்லை. மேடையிலிருந்த அதிகாரி, வேறு யாருக்கும் கருத்து இருக்கிறதா என்று கேட்டார். ஒருவரும் அசையவில்லை. அப்போது ராசம்மாக்கா எழும்பினாள். முன்வரிசைவரை நடந்து போய் மைக்கை வாங்கினாள். மேசையிலிருந்த ஒருவர், "நம்பரைச் சொல்லிப்போட்டுக் கதையுங்கோ" என்றார். அவள் அப்படியே நின்றாள். மறுபடி கேட்டார்கள். அவள் மைக்கை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து இருந்துவிட்டாள். யாரோ சிரித்தார்கள். பெரிய சிரிப்புமில்லை, மூக்கால் விடுகிற சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்புத்தான் தாங்கவில்லை.

தேத்தண்ணீர்த் தட்டத்தை யாரிடம் கொடுத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. கால் நடந்தது, நான் பின்னால் போனேன். மைக் என் கையில் இருந்தது. நம்பரைக் கேட்டார்கள். என்ன சொல்வது? என்னிடம் நம்பர் இல்லை, பத்திரம் இல்லை, பெரிய படிப்பு இல்லை. மேசையில் மில்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வாயில் வந்தது இதுதான்.

"எனக்கு நம்பர் இல்லை. நான் அந்தப் பாட்டுக்காரன்ரை தாய்."

பின்னால் கோப்பை கழுவுகிற சத்தம் நின்றது. பிறகு சொன்னேன், "நம்பர் உள்ள ஆக்கள் கனடாவிலை இருக்கினம். தண்ணி இஞ்சை இருக்கு, வயல் இஞ்சை இருக்கு, விதைக்கிற நாங்களும் இஞ்சைதான் இருக்கிறம். எங்களை ஒருக்காலும் கேக்காமல் ஆருக்குப் பங்கு பிரிக்கிறியள்?" இன்னும் நிறையச் சொல்ல இருந்தது, தம்பி. அப்பாவின் முழங்கால், ராசம்மாக்காவின் மகன் வெட்டிய வாய்க்கால், எல்லாம் நெஞ்சுக்குள் நின்றது. ஆனால் எல்லாம் மறந்துபோய்விட்டது. நன்றி என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். கைதட்டினார்களா என்று நீ கேட்பாய். ஒருவரும் தட்டவில்லை. அதிகாரி எதையோ எழுதிக்கொண்டு, பங்குப் பிரிப்பை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கிறேன் என்றார். அவ்வளவுதான் நடந்தது.

கூட்டம் கலையும்போது மில்காரர் நேரே என்னிடம் வந்தார். என் கையாலேயே தேத்தண்ணீர் வாங்கிக் குடித்தார், ஆறுதலாக, ஒரு சொட்டு விடாமல். "நல்ல வடிவாக் கதைச்சியள் தங்கச்சி. மகன் பழக்கினதோ?" என்றார். கோப்பையைத் திருப்பித் தந்துவிட்டு, "கவனமா வீட்டை போங்கோ" என்றார். இந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிற சொல் அது. நானும் தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறேன். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து சேரும்வரை வாய்க்கால் கரையில் ஒரு சைக்கிள் பின்னால் வந்தாலும் ஒதுங்கி நின்று பார்த்தேன். இன்றும் அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து என்று புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

அப்பா அன்று சாப்பிட்டார், கை கழுவினார். பிறகு, "உன்ரை குரல் ரோட்டுக்குக் கேட்டது" என்றார். மனிதர் மண்டபத்துக்கு வெளியே மதிலோரம் சைக்கிளோடு நின்றிருக்கிறார், உள்ளே வர அவருக்கு மனமில்லை. காலையில் எழும்பினால் படலைக்குப் புதுக் கொளுக்கி போட்டுக்கொண்டிருந்தார். ராசம்மாக்காவும் வந்தாள். வந்த வேகத்தில் என்னை ஏசினாள், "உனக்கென்ன விசரோ, அவை எங்களைச் சும்மா விடுவினமோ?" என்று. நானும் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஏசி முடிந்ததும் திண்ணைக் குந்தில் இருந்தபடி வெற்றிலை போட்டாள். போகும்போது, "அடுத்த கூட்டத்துக்கும் நீ எழும்புவியோ?" என்று கேட்டாள். நான் தெரியாது என்றேன். "நீ எழும்பினால் நானும் எழும்புவன். எங்கடை பக்கத்து ஆக்களும் வருவினம்" என்றாள். அந்த நிமிசத்திலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் எழும்பாவிட்டால் அவர்களும் எழும்பமாட்டார்கள், அந்தத் துண்டு வயலும் போய்விடும். எழும்பினால் என்ன வரும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

இத்தனை நாளும் உனக்காகப் பயந்தேன். அது எனக்குப் பழகின பயம், எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியும், விளக்கு வைப்பேன், கோயிலுக்கு நேர்த்தி வைப்பேன், படலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இது என் சொந்தப் பயம். இதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நீ ஒவ்வொரு தரமும் எழுதி அனுப்பிவிட்டு இப்படித்தான் இருக்கிறாயா? மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் உனக்கும் பேனா நிற்குமா? போனில் கேட்கிறபோதெல்லாம் எனக்கொரு பயமும் இல்லை அம்மா என்றுதான் சொல்லுவாய். அது பொய் என்று இப்போது எனக்கு விளங்குகிறது. தாய்க்குச் சொல்கிற அந்தப் பொய்யை நீ என்னிடமிருந்துதான் பழகியிருக்கிறாய்.

அடுத்த கூட்டம் வருகிற புதன்கிழமை. அதற்கு நீ வராதே, சொல்லிவிட்டேன். நீ வந்தால் எல்லோரும் உன்னைத்தான் பார்ப்பார்கள், எங்களைப் பார்க்கமாட்டார்கள். உன் கூட்டாளிகளையும் படம் பிடிக்க அனுப்பாதே. புத்தகத்தை மட்டும் மறுபடி அனுப்பு, அதே பொடியனிடம் கொடுத்துவிடு. படலையில் வந்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேட்கச் சொல்லு. ஓம், நான்தான் தாய் என்று சொல்லுவேன், தண்ணீரும் கொடுப்பேன். பயந்துகொண்டுதான் சொல்லுவேன், அது உனக்குத் தெரிந்திருக்கட்டும். இந்தக் கடிதத்தைப் போடுவதென்றால் புதன்கிழமைக்குப் பிறகு போடு, எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுப் போடு.

இன்னொன்று, அதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். மைக்கைப் பிடித்தபோது என் கை நடுங்கிய நடுக்கத்தில் கைக்காப்பு அதில் பட்டுப் பட்டு மண்டபம் முழுக்கக் கேட்டது. நான் பயப்படுகிறேன் என்று கடைசிக் கதிரைவரைக்கும் தெரிந்துபோனது. நீ எத்தனை மேடையில் நின்றவன். உனக்கும் நடுங்குமா? நடுங்கினால் அதை எந்தக் கையால் பிடிப்பாய், எவ்வளவு தூரத்தில் பிடிப்பாய்? காப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவா? புதன்கிழமைக்கு முதல் எடுத்துச் சொல்லித் தா. போனிலேயே சொல்லு. கேட்கிறவன் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

உன்னைப் பெற்ற
அம்மா